மேல்வீட்டுத் தண்ணீர்

இரண்டாம் மாடியில் வலதுபக்க ஃபிளாட்டில் இருப்பவளுக்கு அந்தக் கட்டடத்தில் ‘கஸ்டமர் கேர்’ என்று பெயர். ஒரு செல்போன் கம்பெனியில் காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, கண்ணுக்குத் தெரியாதவர்களின் புகாரையெல்லாம் கேட்டு, “உங்கள் சிரமம் எங்களுக்குப் புரிகிறது” என்று தேனாய்ப் பேசுவது அவள் வேலை. இருக்கிற தேனையெல்லாம் அங்கேயே செலவழித்துவிட்டுத்தான் வீட்டுக்கு வருவாள். மிச்சம் மீதி இருப்பதை மேல்வீட்டு சிஸ்டர் வாங்கிக் கட்டிக்கொள்வார்.

சிஸ்டர் என்பவர் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் வார்டு நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவர். தனி ஆள். அவர்தான் ஓய்வு பெற்றாரே தவிர, அவருக்குள் இருந்த வார்டு ஓய்வு பெறவில்லை. லிஃப்டில் யாராவது இருமினால் வாயைத் திறக்கச் சொல்லிப் பார்ப்பார். மாடிப்படியில் யாராவது உட்கார்ந்திருந்தால் முதுகை நிமிர்த்தச் சொல்வார். வாங்கிக் கட்டிக்கொண்டதைத் திருப்பிக் கொடுக்காமல் விடுகிற ஜாதியும் அல்ல.

இவர்கள் இருவரும் ஒரு வருடமாய் முட்டிக்கொண்டதற்குக் காரணம் ஒரு சுவர். கஸ்டமர் கேரின் ஆறு வயது மகளுக்கென்று ஒதுக்கிய சின்ன அறையில், குளியலறையை ஒட்டி இருக்கும் சுவர். போன மழைக்காலத்தில் அதன் உச்சியில், கூரை தொடும் இடத்தில், டீ கொட்டினாற்போல் ஒரு கறை தெரிந்தது. பிறகு அது தட்டளவு ஆனது. பெயிண்ட் கொப்புளம் கொப்புளமாய் உப்பிப் பொருக்கு உதிர்ந்தது. அந்த ஓதத்தின் மேல் கறுப்பாய்ப் பூசணம் பூத்தது. முதலில் யாரோ கடுகைத் தெளித்தாற்போல. பிறகு கம்பளியை விரித்துப் போட்டாற்போல.

பிளம்பர் வந்தார். காதில் வைத்த போனை எடுக்காமலே அறை வாசலில் நின்று அண்ணாந்து பார்த்தார். “மேல்வீட்டு பாத்ரூம்” என்று போனில் பேசிக்கொண்டிருந்தவருக்கும் சேர்த்துத் தீர்ப்புச் சொல்லிவிட்டு இறங்கிப் போனார். அவர் சொன்னது அவ்வளவுதான். ஆனால் அந்த இரண்டு வார்த்தையைப் பிடித்துக்கொண்டு ஒரு குடும்பம் ஒரு வருடம் தொங்கியது.

“என் பாத்ரூம் ஆபரேஷன் தியேட்டர் மாதிரி. வேணும்னா வந்து தரையில படுத்துப் பாரு” என்றார் சிஸ்டர்.

“ஆபரேஷன் தியேட்டர்லதான் தண்ணியும் ரத்தமுமா ஓடும்” என்றாள் கஸ்டமர் கேர்.

குடியிருப்போர் சங்கக் கூட்டத்துக்கு அந்த முறை உட்கார இடமில்லாமல் ஆள் வந்ததற்கு இவர்கள்தான் காரணம் என்று செயலாளரே பிற்பாடு ஒப்புக்கொண்டார். இடையில் சிஸ்டர் தம்பி வீட்டுக்குப் போய்ச் சில வாரம் தங்கினார். மேலே ஒரு குழாயும் திறக்கவில்லை. கீழே கறை காயவும் இல்லை. சாதாரணமாய் யோசிக்கிறவர்கள் அப்போதே யோசித்திருப்பார்கள். கஸ்டமர் கேர் யோசிக்கவில்லை. “ஊறின தண்ணி வடியவே மாசக் கணக்காகும்” என்று தனக்குத்தானே பதில் சொல்லிக்கொண்டாள். ஒரு ஆளின் மேல் கோபப்பட்டுப் பழகிவிட்டால், அந்தக் கோபத்தை இறக்கி வைக்க இடம் தேடுவது பெரிய பாடு.

சண்டை மட்டுமென்றால் நாமும் சிரித்துவிட்டுப் போகலாம். குழந்தைக்கு இழுப்பு வந்துவிட்டது. அதுதான் விஷயம்.

மூச்சை இழுக்கும்போதெல்லாம் நெஞ்சுக்குள்ளிருந்து ஒரு விசில். நாலு படி ஏறினால் நின்று இடுப்பில் கை வைத்துக்கொள்ளும். விளையாடப் போன இடத்தில் ஓரமாய் உட்கார்ந்து மற்றவர்கள் ஓடுவதைப் பார்க்கும். டாக்டர் இன்ஹேலர் கொடுத்தார். அறையின் புகைப்படத்தைப் பார்த்ததும் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். “இந்தச் சுவரு இருக்கிற வீட்ல குழந்தைய வச்சுக்கிட்டு, என்கிட்ட மருந்து கேட்டு என்ன பிரயோஜனம்?” என்றார்.

அன்றிலிருந்து அந்த அறை பூட்டப்பட்டது. அவளும் புருஷனும் குழந்தையும் ஹாலில் படுத்தார்கள். கஸ்டமர் கேர் குழந்தையைப் பொத்திப் பொத்தி வைத்துக்கொண்டாள். பச்சைத்தண்ணீர் உடம்பில் பட்டால் இழுப்பு வரும் என்று அவளுக்கு ஒரு தீர்மானம். கை கழுவவும் வெந்நீர், வாய் கொப்பளிக்கவும் வெந்நீர். முன்பெல்லாம் காலையில் சற்று நேரம் போட்டு அணைக்கிற குளியலறை ஹீட்டர், இப்போது விடிந்ததிலிருந்து படுக்கப்போகும் வரை சிவப்பு விளக்கோடு எரிந்தது. குழந்தைக்கு இழுப்பு கூடக் கூட ஹீட்டரும் கூடுதல் நேரம் ஓடியது. சுவர் மட்டும் இன்னும் ஈரமாகிக்கொண்டே போனது.

“அந்தம்மா வேணும்னே தண்ணி ஊத்துறாங்க” என்றாள் கஸ்டமர் கேர்.

அவள் புருஷன் டிரைவிங் ஸ்கூல் மாஸ்டர். ஊரில் பாதிப் பேருக்குக் கார் ஓட்டக் கற்றுக்கொடுத்தவர். கற்றுக்கொள்கிறவர்களின் பக்கத்தில் உட்கார்ந்து உட்கார்ந்து, மனைவி குரலை உயர்த்தினாலே அவருடைய வலது கால் தானாகத் தரையை அழுத்தும். இல்லாத பிரேக்கைத் தேடும். அந்த வருடம் அவர் கால் நிறையவே அழுத்தியது.

வீட்டை விற்றுவிடலாம் என்று முதலில் சொன்னது யார் என்பதில் இருவருக்கும் இன்றுவரை ஒத்துப்போகவில்லை. இரண்டு தெரு தள்ளி, வெயில் விழும் ஜன்னலோடு காய்ந்த சுவருள்ள ஒரு வீடு பார்த்துவிட்டார்கள். இது விற்றால்தான் அது. வாங்க ஆளும் கிடைத்துவிட்டார், மாஸ்டரிடம் கார் கற்றுக்கொண்ட ஒரு போட்டோ ஸ்டூடியோக்காரர். மாஸ்டர் சொன்னால் கண்ணை மூடிக்கொண்டு திரும்பக்கூடிய மாணவர். ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்கு மனைவியோடு வந்து பார்ப்பதாகச் சொல்லியிருந்தார்.

அந்த வாரம் பூட்டிய அறை திறக்கப்பட்டது. மாஸ்டர் முகத்தில் துணியைக் கட்டி, கையில் தடித்த உறையை மாட்டிக்கொண்டு பூசணத்தைச் சுரண்டினார். பட்டி பார்த்து, இரண்டு பூச்சு பெயிண்ட் அடித்தார். இரண்டே நாளில் அடியிலிருந்து மறுபடி கறுப்பு எட்டிப் பார்த்தது. அதனால் ஹாலில் இருந்த பெரிய மர அலமாரியை இழுத்து வந்து அந்தச் சுவரோடு ஒட்டி நிறுத்தினார்கள். கிட்டத்தட்ட உச்சி வரை மறைந்தது. அறை முழுக்க எலுமிச்சை வாசனை ஸ்பிரே அடித்தார்கள். எலுமிச்சம்பழம் ஒன்று பாயடியில் கிடந்து அழுகினாற்போல ஒரு வாசனை வந்தது.

“இது சரியா?” என்று மாஸ்டர் ஒருமுறை கேட்டார்.

“நம்ம குழந்தை மூச்சு விடணுங்க” என்றாள் அவள். அவர் கால் தரையை அழுத்தியது.

ஒரே ஒரு சங்கடம் பாக்கி. அவர்கள் வந்து நிற்கிற நேரம் பார்த்து மேலே சிஸ்டர் குளித்து, கூரை ஓரம் சொட்டினால்? அலமாரி சுவரை மறைக்கும். சொட்டுகிற தண்ணீரை எது மறைக்கும்?

ஆக ஞாயிறு காலை, ஒரு வருடமாய்ச் சண்டைக்கு மட்டுமே ஏறிய படியில், கஸ்டமர் கேர் ஆபீஸ் குரலை எடுத்து மாட்டிக்கொண்டு ஏறினாள்.

சிஸ்டர் கதவைத் திறந்தார். கையில் துடைப்பம். முகத்தில் ஆச்சரியத்தைக் காட்டவில்லை.

“சொல்லு. இன்னிக்கு என்ன, என் தண்ணி உன் வீட்டு டிவிக்குள்ள வந்துருச்சா?”

“இல்ல சிஸ்டர். ஒரு சின்ன உதவி கேக்கலாம்னு வந்தேன்.”

“உதவியா. உக்காரு, எனக்குத் தலை சுத்துது.”

“பத்து மணிக்கு வீட்டுக்கு ஆளு வராங்க. ஒரு மணி நேரம் மட்டும் நீங்க பாத்ரூம்ல தண்ணி புழங்காம இருந்தா...”

சிஸ்டர் துடைப்பத்தைச் சுவரில் சாய்த்தார். “ஏன்?”

“சும்மாதான்.”

“சும்மா எவளும் மாடி ஏறி வந்து குழாய மூடச் சொல்ல மாட்டா. வாங்க வராங்களா?”

வீட்டை விற்பது கட்டடத்தில் தங்கள் மூன்று பேருக்குத்தான் தெரியும் என்று கஸ்டமர் கேர் நினைத்திருந்தாள். பாவம். தரைத்தளத்தில் தெரு நாயைத் தவிர எல்லோருக்கும் தெரியும்.

“இங்க பாரும்மா. ஒரு வருஷமா என் வீட்டுத் தண்ணி இல்ல, இல்லன்னு தொண்டை கிழியக் கத்துறேன். இன்னிக்கு நான் குழாய மூடினா என்ன அர்த்தம்? ஆமா, என்னோடதுதான்னு நானே ஒத்துக்கிட்ட மாதிரி ஆகாதா? நாளைக்கு நீ சங்கத்துல வந்து, மூடினாங்க நின்னுச்சுன்னு சொல்ல மாட்டே?”

“சத்தியமா சொல்ல மாட்டேன் சிஸ்டர்.”

“சொல்லுவே. உன் இடத்துல நானா இருந்தா சொல்லுவேன்.” சிஸ்டர் மறுபடி துடைப்பத்தைக் கையில் எடுத்தார். “ஒண்ணு செய்யறேன். பத்து மணிக்கு என் வீட்ல இருக்கிற அத்தனை குழாயையும் திறந்து விடறேன். பாத்ரூம் தரையில வாளி வாளியா ஊத்தறேன். உன் வீட்ல ஒரு சொட்டு விழுந்தா நான் கீழ வந்து, வந்தவங்க முன்னாடியே உன்கிட்ட மன்னிப்புக் கேக்கறேன்.”

“சிஸ்டர், வேண்டாம். குழந்தைக்காகக் கேக்கறேன்.”

இந்த இடத்தில் ஆபீஸ் குரல் கழன்று விழுந்துவிட்டது. சிஸ்டர் அதைக் கவனித்தார் என்றுதான் சொல்லவேண்டும். ஒரு விநாடி கதவைப் பிடித்தபடி நின்றார். ஆனால் ஒரு வருடத்து ரோஷம் அவ்வளவு சீக்கிரம் கரைகிற சரக்கா?

“குழந்தைக்காகத்தான் நானும் சொல்றேன். உண்மை தெரியட்டும்” என்று கதவைச் சாத்தினார்.

போட்டோக்காரர் சரியாகப் பத்து மணிக்கு வந்தார். வெளியே காரை நிறுத்தியதை மாஸ்டர் ஜன்னலிலிருந்து பார்த்துத் தலையாட்ட வேண்டும் என்பதற்காக, முன்னும் பின்னுமாய் நாலு தடவை எடுத்து நேராக நிறுத்தினார். பிறகு இறங்கி மறுபக்கம் ஓடி மனைவிக்குக் கதவு திறந்தார். அவள் ஒரு கையை இடுப்பிலும் ஒரு கையைக் கதவிலும் ஊன்றி எழுந்தாள். நிறைமாதம்.

அதை மாஸ்டர் சொல்லவில்லை. மாஸ்டருக்கே தெரியாது. மாணவர்களிடம் அவர் கிளட்சைப் பற்றித்தான் பேசுவார்.

கஸ்டமர் கேர் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு அந்த வயிற்றைப் பார்த்தாள். அதற்குள் அழைப்பு மணி அடித்துவிட்டது.

“வாங்க, வாங்க. லிஃப்ட் கிடைச்சுதா? உக்காருங்க” என்று தேன் ஊற்றினாள்.

ஹாலைப் பார்த்தார்கள். சமையலறையைப் பார்த்தார்கள். போட்டோக்காரர் ஒவ்வொரு அறையிலும் ஜன்னல் எந்தப் பக்கம் என்று பார்த்து, “நல்ல வெளிச்சம்” என்றார். தொழில் புத்தி. குழந்தை ஹால் மூலையில் உட்கார்ந்து வண்ணம் தீட்டிக்கொண்டிருந்தது. அம்மா காலையிலேயே இரண்டு முறை மருந்தை உறிஞ்ச வைத்து, “மாமா அத்தை இருக்கிற வரைக்கும் இருமக் கூடாது” என்று சொல்லி வைத்திருந்தாள். அது முகம் சிவக்க அடக்கிக்கொண்டிருந்தது.

அப்போதுதான் மேலே தண்ணீர் விழும் சத்தம் தொடங்கியது.

முதலில் ஒரு குழாய். பிறகு இன்னொன்று. பிறகு வாளியைக் கவிழ்க்கிற சத்தம், தரையில் அறைந்தாற்போல. சிஸ்டர் சொன்ன சொல் தவறாதவர்.

“மேல என்ன, நீச்சல் குளமா?” என்று போட்டோக்காரர் சிரித்தார்.

“வாராவாரம் வீடு கழுவுவாங்க. ரொம்ப சுத்தக்காரங்க” என்றார் மாஸ்டர். சிஸ்டரைப் பற்றி அந்த வீட்டில் ஒரு வருடத்துக்குப் பிறகு வெளிவந்த முதல் நல்ல வார்த்தை.

நிறைமாதக்காரி நேராகச் சின்ன அறைக்குள் போனாள். கஸ்டமர் கேரும் பின்னாலேயே போனாள். கண் இரண்டும் கூரை ஓரத்தில். அலமாரியின் தலைக்கு மேலே ஒரு விரல் இடைவெளி தெரிந்தது. அந்த இடைவெளியில் ஈரம் திரண்டு, பளபளத்து, ஒரு சொட்டு பிரிந்து வருகிறதா என்று பார்த்துக்கொண்டே இருந்தாள். மேலே வாளி கவிழ்ந்தது. சொட்டவில்லை. மறுபடி கவிழ்ந்தது. அப்போதும் சொட்டவில்லை. அவளுக்கு நிம்மதி வந்திருக்க வேண்டும். வரவில்லை.

“இந்த ரூம்தான்க்கா எனக்குப் பிடிச்சிருக்கு. சின்னதா அடக்கமா இருக்கு. இதுல குழந்தைய விட்டுக்கலாம். அலமாரி இருக்கிற இடத்துல தொட்டில் போட்டா, கதவுலேர்ந்து காத்து நேரா அடிக்காது, இல்ல?”

“ஆமா” என்றாள் கஸ்டமர் கேர்.

“எலுமிச்சை வாசனை ஏன்க்கா இவ்வளவு?”

“அது... பூச்சிக்கு.”

ஹாலில் குழந்தையால் அதற்குமேல் முடியவில்லை. ஒரு இருமல் தப்பியது. அது மற்றதையெல்லாம் கூட்டிக்கொண்டு வந்தது. இருமலுக்கு நடுவே அந்த விசில்.

நிறைமாதக்காரி திரும்பிப் பார்த்தாள். “பாப்பாவுக்கு வீசிங்காக்கா? எப்போலேர்ந்து?”

“பொறந்ததுலேர்ந்தே இருக்கும்மா” என்று வாசலில் நின்ற மாஸ்டர் முந்திக்கொண்டார். சொல்லிவிட்டுத் தரையை அழுத்தினார்.

“அப்பா, எனக்குப் போன வருஷந்தானே வந்துச்சு” என்றது குழந்தை, இருமலுக்கு இடையில். அதற்குப் பொய்யைப் பற்றி யாரும் சொல்லி வைக்கவில்லை. இருமலைப் பற்றித்தான் சொல்லியிருந்தார்கள்.

மேலே தண்ணீர் மட்டும் கொட்டிக்கொண்டிருந்தது. போட்டோக்காரர் ஒருவர் முகத்திலிருந்து ஒருவர் முகத்துக்குப் பார்வையை மாற்றினார். அவர் மனைவி கால் வலியில் அந்த அறையிலிருந்த கட்டிலில் மெல்ல உட்கார்ந்து, ஒரு கையை வயிற்றின் மேல் வைத்துக்கொண்டாள். அலமாரிக்கு ஒரு அடி தள்ளி. அவள் இழுக்கிற மூச்சு அந்தச் சுவருக்குள் போய்விட்டு வருகிற மூச்சு. கஸ்டமர் கேருக்கு அதைப் பார்த்துக்கொண்டு நிற்க முடியவில்லை. விற்றால் தன் குழந்தை பிழைக்கும். அந்த இடத்தில் தொட்டில் வரும். தொட்டிலில் படுக்கிற குழந்தையிடம் இருமக் கூடாது என்று சொல்லி வைக்கக்கூட முடியாது.

“எழுந்திரும்மா” என்றாள். “எழுந்து ஹாலுக்குப் போ.”

“ஏன்க்கா?”

“என்னங்க, இந்த அலமாரிய நகர்த்துங்க.”

மாஸ்டர் அசையவில்லை. “இப்ப எதுக்கு...”

“நகர்த்துங்கன்னு சொல்றேன்ல. தம்பி, நீங்களும் ஒரு கை பிடிங்க.”

இரண்டு ஆண்களும் பிடித்துத் தள்ளினார்கள். அலமாரி தரையைக் கீறிக்கொண்டு ஒரு பக்கமாய்த் திரும்பியது. பின்னால் இருந்த புதுப் பெயிண்ட் முழுக்க உப்பி, இடுப்பளவு உயரம் வரை இறங்கி நனைந்திருந்தது. கறுப்புப் பூசணம் அலமாரியின் முதுகிலும் ஏறியிருந்தது. நகர்ந்த வேகத்தில் அது தூசியாய்க் கிளம்பி, ஜன்னல் வெளிச்சத்தில் மிதந்தது.

போட்டோக்காரர் வாயைப் பொத்திக்கொண்டார். பிறகு மாஸ்டரைப் பார்த்தார். “கண்ணாடியப் பாக்காம லேன் மாறக் கூடாதுன்னு நீங்கதானே மாஸ்டர் சொல்லிக் கொடுத்தீங்க” என்றார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. மாஸ்டர் அங்கேயே கரைந்து ஓடாதது ஆச்சரியம்.

“தப்பு எங்களோடதுதான்” என்றாள் கஸ்டமர் கேர். “எல்லாம் மேல்வீட்டுத் தண்ணி. எவ்வளவு சொல்லியும்...” என்று சொல்லிக்கொண்டே, வழக்கமான அந்த வாக்கியத்தை முடிப்பதற்காகச் சுவரில் ஓங்கி ஓர் அறை வைத்தாள்.

வைத்த கையை எடுக்கவில்லை.

ஒரு வருடமாக அந்தச் சுவரை அவள் தொட்டதில்லை. உச்சியில் இருந்ததைக் கையுறை போட்டு, நீளக் குச்சித் துடைப்பத்தால்தான் தேய்த்திருக்கிறாள். டாக்டர் தொடாதே என்றார். அருவருப்பும் வேறு. கைக்கெட்டும் உயரத்துக்கு ஈரம் இறங்கியதே அலமாரி வந்த பிறகுதான். இப்போது அவள் உள்ளங்கைக்குக் கீழே சுவர் சுட்டது.

“என்னங்க.”

“என்ன?”

“இங்க கை வைங்க.”

மாஸ்டர் வைத்தார். முகம் மாறியது. மேலே இன்னொரு வாளி கவிழ்ந்தது. பச்சைத்தண்ணீர். ஆண்டாண்டு காலமாய்ப் பனிக்காலத்திலும் பச்சைத்தண்ணீரில் குளிக்கிறவர் என்று கட்டடம் முழுவதும் சொல்லிப் பெருமைப்பட்டுக்கொள்கிறவர் சிஸ்டர். அவர் வீட்டில் ஹீட்டரே கிடையாது.

சுவருக்கு மறுபக்கம் இருப்பது இவர்களுடைய குளியலறை. அங்கே உச்சியில், கறை தொடங்கிய அதே உயரத்தில், இவர்களுடைய ஹீட்டர். அதிலிருந்து சுவருக்குள் இறங்குகிற இவர்களுடைய வெந்நீர்க் குழாய். சிவப்பு விளக்கு அப்போதும் எரிந்துகொண்டிருந்தது. குழந்தைக்கு நல்லதென்று அவள்தான் விடியும்போதே போட்டிருந்தாள். நேற்றும் போட்டாள். அதற்கு முந்தின நாளும் போட்டாள். இழுப்பு கூடக் கூடக் கூட்டிக் கூட்டிப் போட்டாள்.

அவள் ஓடிப்போய் ஸ்விட்சை அணைத்தாள். திரும்பி வருவதற்குள் ஹாலில் வேறு சத்தம் கேட்டது.

கிளம்பிய தூசி ஹாலுக்குப் போயிருந்தது. குழந்தை வண்ணப் பென்சிலைக் கீழே போட்டுவிட்டுத் தரையில் கைகளை ஊன்றி நின்றது. இப்போது இருமல் இல்லை. விசில்கூடச் சரியாக வரவில்லை. கழுத்தெலும்புக்கு மேல் குழி விழுந்து விழுந்து எழுந்தது. உதடு வெளுத்துக்கொண்டு வந்தது. கஸ்டமர் கேர் இன்ஹேலரை எடுத்து அதன் வாயில் வைத்து அழுத்தினாள். அவசரத்தில் பாதி மருந்து கன்னத்தில் அடித்தது.

அந்த நேரம் பார்த்துத் திறந்திருந்த வாசலில் சிஸ்டர் வந்து நின்றார். புடவையை முட்டிக்கு மேல் சொருகி, கணுக்கால் வரை நனைந்து, ஜெயித்த முகத்தோடு.

“ஒரு சொட்டு விழுந்துச்சா? விழுந்துச்சான்னு கேக்கறேன்” என்று ஆரம்பித்தவர், தரையில் இருந்த குழந்தையைப் பார்த்தார். அதோடு அந்தப் பேச்சு நின்றது.

“தள்ளு.”

கஸ்டமர் கேர் தள்ளினாள். ஒரு வருடத்தில் சிஸ்டர் சொல்லி அவள் கேட்ட முதல் வார்த்தை.

“யாரும் சுத்தி நிக்காதீங்க. மாஸ்டர், அந்த ரூம் கதவ இழுத்துச் சாத்துங்க. நீ யாரும்மா, நிறைமாசமா? முதல்ல வெளிய போ, படியில போய் நில்லு. இங்க நிக்காதே.” சிஸ்டர் குழந்தையை அள்ளித் தோளில் போட்டுக்கொண்டார். “இன்ஹேலர மாட்டி உறிஞ்சற குழாய் டப்பா இருக்கா? எடுத்துக்கிட்டு என் பின்னாடி வா. இந்தக் காத்துல மருந்து குடுக்கறதும் ஒண்ணு, குடுக்காததும் ஒண்ணு.”

மாடிப்படியில் நனைந்த கால் தடம் விழ விழ அவர் ஏறினார். பின்னால் கஸ்டமர் கேர் ஏறினாள். ஏறும்போது குழந்தையின் முதுகை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தாள், அது எழுகிறதா தாழ்கிறதா என்று.

மேலே பால்கனிப் பக்கமாக ஒரு நாற்காலி. சிஸ்டர் அதில் உட்கார்ந்து குழந்தையை மடியில் முன்பக்கமாய்ச் சாய்த்து உட்கார்த்தினார். மருந்து டப்பாவை வாங்கி, நன்றாகக் குலுக்கி, முகத்தோடு பொருத்திப் பிடித்தார்.

“ஊஞ்சல்ல போற மாதிரி, மெதுவா உள்ள. அவசரமில்ல. நான் எங்கயும் போகல, நீயும் எங்கயும் போகல. மெதுவா வெளிய. அவ்வளவுதான். இன்னொண்ணு.”

பாத்ரூமில் இன்னும் குழாய்கள் திறந்தே கிடந்தன. தண்ணீர் கொட்டுகிற சத்தத்தில் மூச்சுச் சத்தம் கேட்கவில்லை. கஸ்டமர் கேர் போய் ஒவ்வொன்றாய் மூடினாள். தரையில் தேங்கிய தண்ணீர் வடிகாலை நோக்கி ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்தது. ஒரு மூலையில்கூட நிற்கவில்லை. ஆபரேஷன் தியேட்டர்தான்.

வெளியே வந்தபோது குழந்தையின் உதட்டில் நிறம் திரும்பியிருந்தது. விசில் திரும்பியிருந்தது. அந்த விசிலைக் கேட்டு அவள் சந்தோஷப்பட்டது அதுவே முதல் தடவை.

“ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போய்க் காட்டணும். வண்டிய எடுக்கச் சொல்லு” என்றார் சிஸ்டர். “அப்புறம் இங்கதான் கொண்டுவரணும். அந்த வீட்டுக்குள்ள இது கால் வைக்கக் கூடாது.”

“சிஸ்டர், அந்தச் சுவரு...”

“என்ன அந்தச் சுவருக்கு?”

“சுடுது. எங்க வெந்நீர்க் குழாய். உங்களோடது இல்ல.”

சிஸ்டர் அவளைப் பார்த்தார். ஒரு வருடமாய்க் காத்திருந்த வார்த்தை. கட்டடம் முழுக்க, தரைத்தளம் முதல் மொட்டைமாடி வரை, அதற்கு என்ன பதில் வந்தது என்று பின்னாளில் கேட்டுக் கேட்டு மாய்ந்தது. சிஸ்டர் பெரிதாக ஒன்றும் சொல்லவில்லை என்பதில் எல்லோருக்கும் கொஞ்சம் ஏமாற்றம்தான்.

“காய்ச்சல் வந்த சுவரா?” என்றார். “ஒரு வருஷம் தொட்டுப் பாக்காம வெளிய நின்னே நோயாளிய மாத்திச் சொன்னியா? என் வார்டுல இருந்திருந்தா உன்னை அன்னிக்கே வீட்டுக்கு அனுப்பியிருப்பேன்.” பிறகு குழந்தையின் தலையைத் தடவினார். “போய்ப் பையில நாலு துணி எடுத்துட்டு வா. மூக்குல துணி கட்டிக்கிட்டுப் போ.”

போட்டோக்காரரும் மனைவியும் வீட்டை வாங்கவில்லை. யார்தான் வாங்குவார்கள். ஆனால் ஆஸ்பத்திரிக்குப் போக அவர்தான் தன் காரில் ஏற்றிக்கொண்டு போனார். மாஸ்டர் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து, வழி நெடுக ஒரு முறைகூடத் தரையை அழுத்தாமல் வந்தார்.

மறுநாள் வேறொரு பிளம்பர் வந்தார். இவர் காதில் போன் இல்லை. குளியலறைச் சுவரின் டைல்ஸை உடைத்தார். ஹீட்டரிலிருந்து சுவருக்குள் இறங்கும் வளைவில், முடியளவு விரிசல். குழாய் சூடானால் அது விரிந்து தண்ணீரைக் கக்கியது. குழாயை மாற்றுவது அரை நாள் வேலை என்றார். சுவரைத்தான் செங்கல் தெரிகிறவரை உரிக்க வேண்டும், அது காய்வதற்குச் சில மாதம் பிடிக்கும், அவசரப்பட்டுப் பூசினால் மறுபடி பூக்கும் என்றார். இரண்டு தெரு தள்ளியிருந்த வெயில் வீடு கைவிட்டுப் போனது. வருத்தப்பட நேரமில்லை.

குழந்தை சிஸ்டர் வீட்டில். காலையில் பள்ளிக்கூடத்துக்கு அங்கிருந்தே கிளம்பும். கஸ்டமர் கேர் ஆபீஸுக்குப் போகும்முன் மேலே ஏறி, வாசலில் நின்று, “சாப்பிட்டியா?” என்று கேட்டுவிட்டுப் போவாள். “உள்ள வந்து கேளு, நான் ஒண்ணும் கடிக்க மாட்டேன்” என்பார் சிஸ்டர். சில நாள் உள்ளே போவாள்.

சுவரை உரிக்கிற வேலை முடிகிற மட்டும் வீடெல்லாம் சுண்ணாம்புத் தூசி. ஒரு சாயங்காலம் கஸ்டமர் கேர் முகத்தில் துணியைக் கட்டிக்கொண்டு சின்ன அறையில் இடிபாட்டைக் கூடையில் அள்ளிக்கொண்டிருந்தாள். மாஸ்டர் செங்கல்லைச் சுரண்டிக்கொண்டிருந்தார். மேலே கூரையில் தடதடவென்று ஒரு சத்தம். இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம். மறுபடி அந்தப் பக்கத்திலிருந்து இந்தப் பக்கம். நிற்காமல்.

மாஸ்டர் உளியைக் கீழே வைத்தார். “ஓடுறா போலிருக்கு” என்றார்.

அவள் அண்ணாந்து பார்த்தபடி நின்றாள். இடையில் நின்று மூச்சு வாங்குகிறதா என்று காத்திருந்தாள். நிற்கவில்லை. மூன்றாவது முறையும் ஓடியது. நான்காவது முறை ஏதோ ஒன்று கவிழ்ந்து விழுந்து உருண்டது.

“மேல போய் ஓடாதேன்னு சொல்லிட்டு வரட்டா?” என்று கேட்டார் மாஸ்டர். “அந்தம்மா சத்தம் போடப் போறாங்க.”

“வாய மூடிட்டு சுவத்தச் சுரண்டுங்க” என்றாள் அவள்.